நர்ஸம்மா புக்குல இன்னா எழுதிகீது?

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வேலூரில் போளூர் வண்டியைப் பிடித்தேன். சுமார் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். கையில் ஒரு பை, மனதில் ஒரே தீர்மானம். ஜவ்வாது மலையில் கிராம சுகாதார நர்ஸாக இருக்கும் என் மகள் கிருபாவை மாறுதல் கேட்கவைத்து, கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். இரண்டு வருஷம் போதாதா? அந்த ஊரில் ஆலயம் கிடையாது, ஆராதனை கிடையாது. அவளும் யாரிடமும் ஆண்டவரைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. நானோ எங்கள் சபையின் மாதர் சங்கச் செயலாளர். நான் சாட்சி சொல்ல எழுந்தால் போதகரே கடிகாரத்தைப் பார்ப்பார். என் வயிற்றில் பிறந்தவள் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கிறாளே என்று எனக்கு ஒரே குடைச்சல். "நீங்க வரச் சொன்னா வர்றேம்மா" என்று போனில் சொல்லியிருந்தாள். ஆகவே முடிவு என் கையில்.

ஏழே முக்காலுக்குப் போளூர். இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பது ரூபாய். ஜமுனாமரத்தூர் வண்டி எட்டரைக்கு. மலைக்கு வண்டி குறைவு என்பதால் அது வந்து நிற்பதற்குள் கூட்டம் மொய்த்துவிட்டது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம்மூர்ச் சட்டம். என்னிடம் துண்டு ஏது? குடையைப் போட்டேன். முண்டியடித்து உள்ளே போனால், அந்த இடத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். காலடியில் காலிச் சாக்குகள். என் குடையை மடியில் வைத்திருந்தாள்.

"கீழ வுழுந்துடப் போவுதுன்னு எடுத்து வெச்சேங்க" என்று நீட்டினாள்.

நன்றி சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "குடை போட்டா சீட்டு புடிச்சதுன்னு தெரியாது? பஸ்ஸே பார்த்ததில்லையா? எழுந்திரு, எழுந்திரு. ஒரே புளி நாத்தம் வேற" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், டிரைவர் பக்கத்தில் சாக்குகளை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வண்டி புறப்பட்டதும், பிரயாணம் பத்திரமாக அமையும்படி நான் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே செய்தேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

அடிவாரம் தாண்டியதும் வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், இடையிடையே இலையுதிர்ந்து நிற்கும் மரங்கள். மேலே போகப்போகக் காற்று குளிர்ந்தது. அறுத்து முடித்த சாமைக் கொல்லைகளும் காய்த்துத் தொங்கும் புளிய மரங்களும் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெண் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்தே முக்காலுக்கு ஜமுனாமரத்தூர். அங்கிருந்து மகளின் ஊர் ஏழு கிலோமீட்டர், ஷேர் ஜீப்பில் முப்பது ரூபாய். (ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று மகள் கட்டளை.) அதே ஜீப்பில் அவளும் ஏறினாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஜீப் நின்ற இடத்திலிருந்து மேட்டுப் பாதை. நான் பையோடு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "இந்தாண்ட வாங்க, கல்லு பாத்து வைங்க" என்று முன்னால் நடந்தாள். நான் யார் வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை. நேரே கிருபாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

கிருபா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள், முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. "அம்மா, இவங்கதான் பக்கத்து வீட்டு காசியம்மாக்கா. நான் போன்ல சொல்வேனே! ரெண்டு பேரும் வழியில பாத்துக்கிட்டீங்களா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். காசியம்மா பையை இறக்கி வைத்தாள். "ஒரே பஸ்லதான் வந்தோம். அம்மாவுக்கு வழி தெரியாதேன்னு கூட்டியாந்தேன்" என்றாள். அவ்வளவுதான். மத்தியானம் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ருசி, ஆனால் எனக்கு இறங்கவில்லை.

மூன்று மணிக்குக் கிருபா ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போனாள். காசியம்மா தன் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்து, அவள் ஓடு உடைத்துப் போட்டதில் நார் எடுக்க ஆரம்பித்தேன்.

"நான் கிருபாவோட அம்மான்னு எப்பத் தெரிஞ்சுது?"

"குடைய வாங்கறப்பவே. மூஞ்சி அச்சா நர்ஸம்மா மூஞ்சி."

"அப்புறம் ஏன் அவகிட்ட சொல்லல?"

அவள் கை நிற்கவில்லை. "போன வருசம் எம் மருமவ மாசமா இருந்தா. முன்ன இருந்த நர்ஸம்மா ஊரு கேக்கத் திட்டும். அந்த பயத்துல மருமவளக் கொல்லைக் குடிசையில மறைச்சு வெச்சிட்டேன். உங்க பொண்ணு கேட்டப்ப, செங்கத்துல தாய் வூட்டுக்குப் போய்ட்டான்னு பொய் சொன்னேன். அங்கயே வலி எடுத்து, ரத்தம் நிக்கலக்கா. ஓடிப்போய் உங்க பொண்ணு கால்ல வுழுந்தேன். ஏன் மறைச்சன்னு கேக்கல. ரெண்டு உசுரயும் காப்பாத்திக் குடுத்துச்சு. மருமவ பேரக் கணக்குல எழுதாம வுட்டுட்டன்னு கீழ ஆபீசுலயிருந்து அதுக்கு மெமோ வந்துச்சாம். காசியம்மா ஏமாத்திட்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கும். சொல்லல. மறுநா காலைல, எப்பவும் போல, பச்சப் புள்ளயக் குளிப்பாட்ட வந்து நிக்குது. என்ன அது வுட்டுக் குடுக்கல. அதோட அம்மாவ நான் வுட்டுக் குடுப்பனா?"

மெமோ விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லை, பாவி மகள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. புளிக் கையோடு கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, அவள் பதறித் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைக் கழுவிவிட்டாள்.

"அக்கா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "உங்க பொண்ணு காலைல ஒரு கறுப்பு புக்கு படிக்குது. அதுல இன்னா எழுதிகீதுன்னு கேட்டேன். எங்கம்மா வர்றாங்க, அவங்க நல்லாப் படிச்சுச் சொல்வாங்கன்னுச்சு. நான் எங்க சாமிய வுடறவ இல்ல. ஆனா இந்தப் பொண்ண இப்டி ஆக்கின சாமி யாருன்னு எனக்குத் தெரியணும்."

முப்பது வருஷமாக மேடை ஏறியவள் நான். "நாளைக்குப் படிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை எட்டு மணி. கிருபாவின் வீட்டில் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம். புத்தகத்தைத் திறந்தேன், ஆனால் வாசிக்க முடியவில்லை. முதலில் பஸ்ஸில் நடந்ததைக் கிருபாவிடம் சொன்னேன், புளி நாத்தம் என்று சொன்னது உள்பட. அவள் முகம் வாடிவிட்டது. "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று காசியம்மாவைக் கேட்டாள்.

"சொன்னா நீ அம்மாவத் திட்டுவ. பெத்தவளப் புள்ள திட்டறதா? அக்கா, நீங்க படிங்க."

ஆண்டவர் தம்முடைய சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதியை வாசித்தேன். காசியம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"சாமியே கால் கழுவிச்சா?"

"ஆமா."

"பீத் துணியோட கெடந்த எங்க புள்ளயக் குளிப்பாட்டிச்சே, அந்த மாரி" என்று கிருபாவைப் பார்த்துத் தலையாட்டினாள். "செரி. அப்பால?"

இரண்டரை மணி வண்டிக்காக ஜமுனாமரத்தூர் வரை கிருபா கூடவே வந்தாள். "மாறுதலுக்கு எழுதட்டுமாம்மா?" என்று கேட்டாள். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரவுக்கு இரவு பிள்ளை சாப்பிட்டாளோ இல்லையோ என்கிற கவலை எனக்கு இருக்காது. "எழுதாதே. மீதியைக் காசியம்மாவுக்கு யார் படிச்சுச் சொல்றது?" என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் அழுதேன், அடிவாரம் வரை அழுதேன்.

கண்ணமங்கலம் தாண்டும்போது பக்கத்து வீட்டு விஜயாவின் நினைவு வந்தது. பதினோரு வருஷமாக ஒரே சுவர். தினமும் காலையில் நான் வாசிப்பது அவள் சமையலறை வரைக்கும் கேட்கும். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. கேட்கும்படி நான் எப்போது நடந்துகொண்டேன்?

ஆறே முக்காலுக்கு வீட்டுத் தெருவில் இறங்கினேன். என் கதவைத் திறக்காமல், காசியம்மா கொடுத்தனுப்பிய புளியில் பாதியை எடுத்துக்கொண்டு விஜயா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனாள். கதவிடுக்கிலிருந்த துடைப்பத்தை அவசரமாக எடுத்தாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா, எங்க வூட்டுத் தண்ணி உங்க வாசலுக்கு வந்துடுச்சா? இதோ, இப்பவே தள்ளிடறேன்."