நாடாவின் மறுமுனை

1. 1991. தாலுகா அலுவலகத்தில் என் களப்பயிற்சியின் நான்காவது வாரம். பகல் மூன்று மணி.
2. முப்பது மீட்டர் அளவு நாடாவின் கூடு என் கையில் இருந்தது. வளையம் உள்ள முனையை எடுத்துக்கொண்டு தலையாரி முனுசாமி முள்புதருக்குள் போனார்.
3. மறுமுனையிலிருந்து இரண்டு இழுப்பு வந்தது. அளவைக் குறித்தேன். இப்படி ஆறு இடங்களில்.
4. அந்த நேரம் முழுவதும் முனுசாமி அங்கே இல்லை.

நான் சிவில் டிப்ளமாவும் பிறகு பி.ஏ.வும் முடித்துவிட்டு எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்தவள். அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பியதில்லை, நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

இடம் வல்லம் வடகால் பக்கத்தில் ஒரு குடியிருப்பு. அங்கிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் பழைய பாதையைச் சீமைக் கருவேலம் மூடி, நடுவில் ஒற்றையடித் தடம்தான் மிச்சம். பக்கத்தில் ஒரு கம்பெனி மதில் கட்டப்போகிறது. அது பொதுப்பாதை என்று ஆதாரம் இல்லாவிட்டால் மதில் அதையும் சேர்த்துக்கொள்ளும். சர்வேயர் விடுப்பில் இருந்ததால், டிப்ளமா படித்தவள்தானே என்று அகலம் எடுத்துவர என்னை அனுப்பினார்கள்.

மனு கொடுத்த மேரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாப்பது வூட்டுக்கு இதாம்மா வழி. செவுரு வந்துச்சுன்னா ஏரிக்கரைய சுத்திக்கினுதான் போவணும். ஆபீசுல பெரியவங்க யாரும் இல்லியா, உன்ன அனுப்பிச்சாங்க?"

"அளக்கத் தெரியும்க்கா" என்றேன்.

"அள, அள. முள்ளுக்கு உன் காலேஜ் தெரியாது."

புதர் ஆள் உயரம், எதிர்ப்பக்கம் தெரியாது. அதனால் வழக்கப்படி ஓர் ஏற்பாடு: மறுமுனையில் இருப்பவர் பாதையின் அந்த ஓரத்தில் வளையத்தை வைத்து இரண்டு முறை இழுக்க வேண்டும், பிறகு நான் படிப்பேன். "அடுத்தது" என்று குரல் கொடுத்தால் இருவரும் பத்து மீட்டர் தள்ளிப்போவோம். நான் குரல் கொடுத்தேன், நாடா நகர்ந்தது, இரண்டு இழுப்பு வந்தது. முனுசாமி வழக்கமாக ஓயாமல் பேசுகிறவர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது முடிந்ததும் நாலரை மணி பஸ் நினைவு வந்தது; ரோடு வரை இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. "போதும்" என்று சொல்லி நாடாவைச் சுற்றத் தொடங்கினேன். நாடா திரும்ப இரண்டு முறை இழுபட்டது. நான் பலமாக இழுத்தேன், வந்துவிட்டது.

ரோட்டுக்கு வந்தால் முனுசாமி டீக்கடையில் கிராம நிர்வாக அலுவலரோடு நிற்கிறார்.

"இன்னாம்மா, நீயே அளந்துட்டியா? இந்த ஐயா கூப்ட்டாருன்னு வளையத்த முள்ளுல மாட்டிட்டு அப்பவே வந்துட்டேனே. கொரல் குடுத்தேன், காதுல விழலியா?"

அந்தப் பக்கத்தில் அடிக்க அவரிடம் கொடுத்த முளைக்குச்சிகள் எல்லாமே அவர் பையில் அப்படியே இருந்தன.

மறுநாள் என் குறிப்பு நோட்டை வைத்து இருவரும் திரும்ப அளந்தோம். முதல் அளவு முடிந்த இடத்தில் முளையை அடித்தார், இறங்கவில்லை. தோண்டினால் ஒரு முழ ஆழத்தில் பழைய சர்வே கல். ஆறு இடத்திலும் கல். அங்கே கல் இருப்பது குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. முனுசாமி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து ஆரும்மா புடிச்சது?" என்று மட்டும் கேட்டார்.

அலுவலகத்துப் பழைய பதிவேட்டில் வரைபடத்தைக் கரையான் தின்றிருந்தது. ஒரு வரி மிச்சம் இருந்தது: பொதுப்பாதை, கற்கள் ஏழு.

ஏழாவதைத் தேடி அடுத்த பத்து மீட்டரிலும் அதைத் தாண்டி எங்கெங்கோவும் தோண்டினோம், கிடைக்கவில்லை. "போதும்" என்ற பிறகு வந்த அந்த இரண்டு இழுப்பை நான் படிக்கவில்லை. ஆறாவது கல் வரைதான் பாதை என்று முடிவானது. மதில் அங்கேதான் திரும்புகிறது. அதற்கப்புறம் ரோடு வரை உள்ள துண்டு உள்ளே போய்விட்டது. பாதை இருக்கிறது, ரோட்டைத் தொடவில்லை.

பயிற்சிச் சான்றிதழ் கிடைத்தது. நாடா பிடித்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை என் அறிக்கையில் காலியாக விட்டிருக்கிறேன். நாற்பது வீட்டுக்காரர்களும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் பஸ்ஸுக்குப் போகிறார்கள்.