இன்னிக்கு இன்னொரு ஊர்

எங்கள் அப்பா நிதானமாகக் கார் ஓட்டி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். நியூஜெர்சியில் நாங்கள் இருந்த பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து எங்கே கிளம்பினாலும், வழியில் பாத்ரூமுக்குக்கூட நிறுத்த மனம் வராத மனிதர் அவர். எனக்கு எட்டு வயதாக இருந்த ஒரு அக்டோபரில், ஜெர்மனியின் கிராமத்துச் சாலைகளில், அதே மனிதர் ஒவ்வொரு திராட்சைத் தோட்டத்துக்கும் ஒவ்வொரு மாதா கோயிலுக்கும் வண்டியை ஓரங்கட்டினார்.

உல்லாசப் பயணம் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அது பாதி உண்மை. அப்பா, அம்மா இருவரின் அமெரிக்க விசாவையும் புதுப்பித்து முத்திரை வாங்கத்தான் அங்கே போயிருந்தோம். சீக்கிரம் முடிந்துவிடும், மீதி நாளில் ஊர் சுற்றலாம் என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் அமெரிக்கத் தூதரகத்தில் அவர்கள் இருவரின் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் சரிபார்க்க வேண்டும், ஈமெயில் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வராமலே போனால் அப்பாவின் வேலையும் எங்கள் அபார்ட்மென்ட்டும் என்ன ஆகும் என்றும் தெரியாது. இதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. அன்றைக்கு என் கவலை ஒன்றே ஒன்று. வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீனுக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். அம்மா தைத்துத் தந்த ஆக்டோபஸ் உடை என் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் காரில் உட்கார்ந்ததும் அப்பா போனைப் பார்ப்பார். அம்மா அவர் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இன்னிக்கு இன்னொரு ஊர் பார்க்கலாமா, கண்ணு?" என்பார். எனக்கு எல்லா ஊரும் ஒன்றுதான். கல் பாவிய தெரு, நடுவில் ஒரு மணிக்கூண்டு, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி, சுற்றிலும் மலை முழுக்க மஞ்சள் இலை. ஒவ்வொரு மணிக்கூண்டின் கீழேயும் என்னையும் அம்மாவையும் நிற்க வைத்து அப்பா போட்டோ எடுத்தார். ஒன்றில்கூட அம்மா சிரிக்கவில்லை.

முதலில் தங்கிய கிராமத்தில் அம்மா பெட்டியிலிருந்து ரைஸ் குக்கரை எடுத்தாள்.

"ஏங்க, இங்க கரன்ட் ஒத்து வருமா?"

"நம்ம ஊர் மாதிரி டூ ட்வென்டிதான். தைரியமா போடு."

அடாப்டர் இருந்ததால் பிளக் அழகாகப் பொருந்தியது. குக்கர் ஒரு முறை உறுமியது, புகைந்தது, அத்தோடு சரி. கரன்ட் என்னவோ நம்ம ஊர் மாதிரியேதான் இருந்தது. குக்கர்தான் நியூஜெர்சியில் வாங்கியது; அங்கே கரன்ட் இதில் பாதிதான். வேறு சமயமாக இருந்தால் அம்மா அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று ஜன்னலை மட்டும் திறந்து வைத்தாள். மறுநாளிலிருந்து ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான்.

ஹாலோவீன் அன்று காலையிலும் போனில் எதுவும் வரவில்லை. வழியில் ஒரு வயலோரம், ஆளே இல்லாமல், பூசணிக்காய்களைக் குவித்துக் காசு போட ஒரு டப்பா வைத்திருந்தார்கள். அப்பா இருப்பதிலேயே பெரியதாக ஒன்றைத் தூக்கி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டார். சாயங்காலம் விடுதிக்காரம்மாவிடம் கத்தி வாங்கி, அவர் சமையலறையிலேயே, ஹாலோவீனுக்கு வாசலில் வைப்பதுபோல் அதற்குக் கண்ணும் வாயும் வெட்டினார். பல் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. அம்மா தோண்டிய சதையை வீணாக்காமல் மிளகாய் கிள்ளிப் போட்டுப் பொரியல் செய்தாள். இவ்வளவையும் எனக்காகத்தான் செய்தார்கள். நானோ அந்தப் பொக்கைவாய்ப் பூசணியைப் பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"ஐ வான்ட் டு கோ ஹோம்!"

தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் வயது அது. உங்களுக்கு ஊர் சுற்றுவதுதான் பிடித்திருக்கிறது, நீங்கள் இருங்கள், நான் மட்டும் போகிறேன் என்றும் கத்தினேன்.

நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

"ஆமா கண்ணு, நீ போலாம். உன்னைய யாரும் நிறுத்த மாட்டாங்க."

"சும்மா இருங்க" என்று அம்மா அவரை அதட்டிவிட்டு, என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். வலிக்கும்படி இறுக்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. போகலாம் என்று ஒருவர் சொல்ல, ஒருவர் இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டால் நான் எப்படிப் போவது?

கடைசியில் ஈமெயில் வந்தது, திரும்பினோம். அடுத்த வருடம் அந்த ஆக்டோபஸ் உடை எனக்குச் சேரவில்லை. அங்கே காத்திருந்த அத்தனை நாளும் அம்மாவின் கைப்பையில் ஒரே ஒரு பாஸ்போர்ட்தான் இருந்தது. நீல அட்டை போட்ட என்னுடையது, நான் பிறந்த அமெரிக்கா கொடுத்தது. அப்பா என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தச் சமையலறையில் இருந்த எங்கள் மூவரில், வீட்டுக்குப் போக முடிந்தவள் நான் ஒருத்திதான்.