வழுக்காத பெடல்

இந்த மலையில் எனக்குப் பேச்சுத்துணை தேடித் தந்தது ஒரு கோளாறான மெஷின்தான். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் கருவிகளை வடிவமைப்பவன். ஒரு பொருள் அதைப் பயன்படுத்துகிறவரின் கையையும் காலையும் முதுகையும் நோகடிக்காமல் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை. கோவைப் பட்டறையில் நாங்கள் செய்த பூண்டு அறுக்கும் மெஷினைச் சோதிக்கக் கொடைக்கானல் பக்கம் பள்ளங்கிக்கு வந்து, ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். பெடலை மிதித்தால் கத்தி இறங்கிக் காய்ந்த பூண்டின் தாளை, அதாவது தண்டை, அறுக்கும். அவ்வளவுதான் மெஷின்.

ஊரில் யாரையும் தெரியாது. சாயங்காலம் மஞ்சு இறங்கிவிட்டால் எதிர்வீடுகூடக் கண்ணுக்குத் தெரியாது. கொடைக்கானலுக்கு வரும் டூரிஸ்ட்டுகள் 'ஆகா, என்ன அமைதி' என்று படமெடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு வாரம் தனியாகப் பொங்கித் தின்று பார்த்தால் தெரியும், அந்த அமைதியின் லட்சணம்.

மெஷினைக் கொடுத்திருந்தது பக்கத்துத் தெருவில் பூண்டு விவசாயம் பார்க்கும் ஒரு அக்காவிடம். கொடுத்த மறுநாள் வெள்ளனே போன் வந்தது.

"தம்பி, ஒங்க மெஷினு மக்கர் பண்ணுது. வெரசா வாங்க."

போனேன். மெஷினைப் பொருத்தியிருந்த மேஜை அவருக்கு நெஞ்சுயரம் இருந்தது. அதன் கால்களை அறுத்துக் குறைத்தேன். அப்புறம் ஒருநாள் கத்தியின் மறைப்புத் தகட்டில் அவருடைய சால்வை மாட்டியது. தகட்டை மாற்றினேன். மெஷின் நிற்கும் போதெல்லாம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு டீ போடுவார்.

"கல்யாணம் காட்சி ஒன்னும் இல்லாம, இந்த இரும்பக் கட்டிக்கிட்டு அழுகுறீங்களே தம்பி!"

சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தாரே.

கடைசியில் பெடல். இங்கே குளிருக்குக் கம்பளி சாக்ஸ் போட்டு, அதன்மேலேயே ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். கோவை வெக்கையில் வெறுங்காலால் மிதித்துப் பார்த்த பெடலில் அந்தச் செருப்பு வழுக்கியது. கத்தி பாதியிலேயே நின்றது. வழுக்கிய காலை இழுத்து இழுத்து மிதித்ததில் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

பெடலை அகலமாக்கி, ஓரத்தில் விளிம்பு கட்டி, மேலே டயர் துண்டு ஒட்டினால் போதும். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை மாட்டிவிட்டால் என்னைக் கூப்பிட இனி ஒன்றும் இருக்காது என்பதும் தெரிந்தது. ஒரு நிமிஷம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சீச்சீ, அந்த மனுஷி கால் வீங்கிக் கெடக்கு, என்னடா புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டு அன்றைக்கே மாட்டினேன்.

அதன்பிறகு போன் வரவில்லை. பொறுத்துப் பார்த்து, முடியாமல், நானே கிளம்பிப் போனேன். வாசலுக்கு வரும்போதே கத்திச் சத்தம் சீராகக் கேட்டது.

"வாங்க தம்பி. முட்டி வலி விட்டுருச்சு. ஒரு தொந்தரவும் இல்ல. இப்பல்லாம் ஒங்க நெனப்பே வர்றதில்லன்னா பாத்துக்கங்களேன்!"

என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நானும் சிரித்து வைத்தேன்.

"உக்காருங்க. எப்ப இது நிக்கிதோ அப்ப டீ போடுறேன்."

உட்கார்ந்தேன். பூண்டு மலைபோல் குவிந்திருந்தது. நான் அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை.