கருங்கற்களின் மேல் நின்று பாடியவள்

ஊரப்பாக்கத்து ஜெனிட்டா, செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். நரம்பைக் கண்டுபிடித்து ஊசி குத்துவதில் கெட்டிக்காரி. மற்ற எல்லாவற்றுக்கும் பயம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் ரயிலைவிட்டு இறங்கி வீடு திரும்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போது மட்டும் அவளுக்குப் பயம் இருந்ததில்லை. அங்கே அவள் குரலைக் கேட்டுத்தான் சங்கவி என்ற நாடக இயக்குநர் தேடி வந்தாள்.

பழங்காலக் கிரேக்க மாலுமிகளின் கடற்பயணத்தை மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு சவுக்குத்தோப்பில் இசை நாடகமாகப் போடுகிறார்கள். மேடை கிடையாது. பார்க்க வருகிறவர்கள்தான் மாலுமிகள். அவர்கள் கண்ணைத் துணியால் கட்டி, கையில் நீளக் கயிறு ஒன்றைக் கொடுத்து மணலில் நடத்திப் போவார்கள். சுற்றிலும் மேளம், குரல்கள். வழியில், பாட்டாலேயே கப்பல்களைப் பாறைக்கு இழுக்கும் பெண்களின் தீவு வரும். அந்தப் பெண்களாகப் பாடுவது ஜெனிட்டா ஒருத்திதான். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் நின்று அவள் பாட வேண்டும்.

"என்ன நடந்தாலும் பாட்ட மட்டும் நிறுத்தாதீங்க," என்றாள் சங்கவி.

ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் ஜெரோம் சிரித்தான். "சர்ச்சுல பாடறல்ல? இங்க இன்னா பயம்?"

"சர்ச்சுல எல்லாரும் கண்ண தொறந்துகினு இருப்பாங்க."

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு முப்பது பேர் கயிற்றைப் பிடித்தபடி தோப்பிலிருந்து வந்தார்கள். பாடத் தொடங்கினாள். நடுங்கிய குரல் மெல்ல நிலைத்தது.

அப்போது வரிசையின் கடைசியில் இருந்த பெரியவர் கயிற்றை விட்டார். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு அவள் குரலை நோக்கி நேராக நடந்தார்.

இது நாடகத்தில் உண்டா? தன்னிடம் சொல்ல மறந்துவிட்டார்களா? அவருக்குப் பின்னால் நடிகர் யாரும் வரவில்லை. இருபது அடியில் கற்கள். கற்களுக்கு இடப்பக்கம் அலை குடைந்த பள்ளம்.

நில்லுங்கள் என்று கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பாட்டு நின்றதும் பெரியவர் குழம்பினார். தலையைத் திருப்பித் திருப்பிக் காது கொடுத்தார். பிறகு பள்ளத்தின் பக்கம் ஓர் அடி வைத்தார்.

ஜெனிட்டா மறுபடி பாடினாள். பாட்டுக்கு மட்டும் குரல் வந்தது. பாடிக்கொண்டே கல் கல்லாகத் தாவி, கடலைவிட்டுத் தோப்பின் பக்கம் போனாள். ஒரு கல்லில் வழுக்கி முட்டி கிழிந்தது. பாட்டை விடவில்லை. பெரியவர் நின்றார், கேட்டார், மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். மணலில் அவர் வந்து சேர்ந்ததும் அவர் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதுதான் கரையாம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டார், கேளம்பாக்கத்திலிருந்து வந்த அந்தப் பெரியவர் லக்ஷ்மிநாராயணன்.

"கரைதான் சார். இனிமே கயித்த வுடாதீங்க."

ஓடிவந்த சங்கவி, "ஏன் எடத்த விட்டு வந்தீங்க?" என்று ஆரம்பித்தாள். பெரியவரின் காலடித் தடம் பள்ளத்தின் விளிம்புவரை போயிருந்ததைப் பார்த்ததும் அவளே அவர் கையைப் பிடித்துக் கயிற்றிடம் கூட்டிப் போனாள்.

மறுநாள் பாட்டு தோப்புக்கு மாறியது. நீலமேகம், ரமேஷ் என்ற இரண்டு மீனவர்கள் கடலோரம் காவல் நின்றார்கள். ஆனாலும் மிச்சமிருந்த இரண்டு நாளும் ஜெனிட்டா தலைகளை எண்ணிக்கொண்டேதான் பாடினாள். குரலில் என்ன சோகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த மாதம் அதே நாடகத்தைப் புதுச்சேரியில் போடும்போதும் பாட வரச் சொல்லி சங்கவி அழைத்தாள். கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்டிருக்கிறாள் ஜெனிட்டா. பதில் இன்னும் வரவில்லை.