வெள்ளைக்காரரின் சட்டை

கரிக்கட்டை நிறத்தில் இருந்த அந்த மனுஷனுக்குத் தெரு வைத்த பெயர் வெள்ளைக்காரர். பேக்கரியில் மாவு பிசைகிற மாஸ்டர் அவர். விடிவதற்கு முன்னால் போய், மத்தியானம் வெளியே வரும்போது புருவம், காது மடல், சட்டைக் காலர் என்று எங்கு பார்த்தாலும் கோதுமை மாவு. "என்ன வெள்ளைக்காரரே, ஊருக்குக் கப்பல் எப்போ?" என்று முனையில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர் தினமும் கேட்பார். "டிக்கெட் கிடைக்கலப்பா" என்று இவரும் தினமும் சொல்வார். இருவருக்கும் அந்த ஜோக் சலித்ததே இல்லை.

வீடு மாடியில் இருந்தது. இரண்டு அறை. வெளிச்சம் எட்டிப் பார்க்காத நடையின் கடைசியில் கதவு. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் மனைவி துண்டோடு வாசலில் நிற்பாள். "அப்படியே நில்லுங்க. பாதி மூட்டையைக் கொண்டாந்துட்டீங்க" என்று அதட்டிவிட்டு, தலை, தோள், முதுகு எல்லாம் தட்டித் துடைப்பாள். நடுவில் இரண்டு தும்மல் போடுவாள். அது முடிந்ததும் அவர் பாக்கெட்டிலிருந்து காகிதம் சுற்றிய பன் ஒன்று வெளியே வரும். மேல்தோலைப் பிய்த்து அங்கேயே நின்று தின்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்த இரண்டு பேரும் கொஞ்சிக்கொண்டார்கள் என்றால் அந்த வாசலில்தான்.

அப்புறம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. வயிறு உப்பும், ஓயாமல் போகும், நின்ற இடத்தில் கண் இருட்டும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, சிலியாக் என்று ஒரு பெயரைச் சொன்னார்கள்.

"உங்க உடம்பே உங்க குடலை எதிரின்னு நினைச்சு அடிக்குதும்மா" என்றார் டாக்டர். "கோதுமை உள்ள போனா அது ஆரம்பிக்கும். இது தீர்ற வியாதி இல்ல. ஆனா கோதுமையை அடியோட நிறுத்தினா நல்லா இருக்கலாம். துளிகூட ஆகாது. வீட்டுல கோதுமை இருக்கா?"

"இன்னைக்கே தூக்கிடுறேன் சார்" என்றார் வெள்ளைக்காரர்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"சொந்தத் தொழில் சார்."

பேக்கரி வேறொருவருடையது. டாக்டர் முன்னால் கொஞ்சம் பெரிய மனுஷனாகத் தெரியட்டுமே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. குளித்து, இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். டாக்டரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனுஷன் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். பிஸ்கட் டப்பா, ரவை, சேமியா எல்லாம் போயிற்று. பழைய சட்டி, கரண்டி, சல்லடை எல்லாம் மாற்றினார். பாக்கெட்டில் எது வாங்கினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். அவர் சட்டைப் பாக்கெட்டில் பன் வருவது நின்றது. அரிசி மாவில் அவளுக்கென்று வீட்டிலேயே ஒரு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அவள் கடித்துப் பார்த்துவிட்டு, "இதை நாலு சேர்த்தா மாடியில இன்னொரு ரூம் கட்டலாம்" என்றாள். சிரிக்கும்போதே அவள் கண் கலங்கியது. பெண்களுக்கு நகை ஆசை, புடவை ஆசை என்பார்கள். இவளுக்கு ஒரு பன்னின் மேல்தோல்தான் ஆசை. அதுவும் இனி இல்லை.

அதனால் வாசலில் தட்டித் துடைத்த பிறகு, அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "வாசனையாவது கிடைக்கட்டுமே" என்பாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மாதங்கள் போயின. அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்று வாயைக் கட்டியும் அவள் தேறவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவளை வெளியே அனுப்பிவிட்டு, "எங்கேயோ கோதுமை உள்ள போகுது. ஆசையை அடக்க முடியாம மறைச்சுச் சாப்பிடுறவங்க உண்டு. கொஞ்சம் கவனிங்க" என்றார்.

கவனித்தார். அங்கேதான் வந்தது வினை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்னடி இது?"

அவள் புறங்கையால் துடைத்துப் பார்த்தாள். "தெரியலையே."

"தெரியாம எப்படி வரும்? எதிர்க்கடையில என்ன வாங்கின?"

"ஐயோ, உங்க தலைமேல அடிச்சு சத்தியம் பண்றேன். நான் எதுவும் திங்கலைங்க."

இத்தனை வருஷம் மாவிலேயே புழங்கிய மனுஷனுக்கு, உதட்டில் இருப்பது வெறும் மாவு, சுட்ட பன்னின் தூள் இல்லை என்று தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். சந்தேகம் வந்துவிட்டால் கண் எங்கே வேலை செய்கிறது? அவர் சோற்றுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

அந்தச் சமயம் பார்த்துப் பேக்கரி அடுப்பு இடிந்தது. புதிதாகக் கட்டி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெள்ளைக்காரர் வீட்டிலேயே கிடந்தார். அவளுக்கு வயிறு அடங்கியது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது, ஒரு நாள் படி இறங்கிப் போய்க் காய் வாங்கி வந்தாள். இதைப் பார்த்து அந்த மனுஷன் என்ன நினைத்தார் தெரியுமா? 'நான் பக்கத்திலேயே இருக்கேன், திருட முடியல, அதான் தேறிட்டா' என்று நினைத்தார். நாலு அறை விட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் நாம் இருந்திருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்போமோ என்னவோ.

அடுப்பு எரிய ஆரம்பித்தது. அவர் மறுபடி வெள்ளையாக வீடு திரும்பினார். அவள் மறுபடி வாசலில் தட்டித் துடைத்தாள். சில நாளிலேயே பழைய குருடி கதவைத் திறடி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"நான் இருந்தப்ப ஒழுங்கா இருந்த. நான் அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிச்சுட்டியா? திருடித் தின்னுட்டு பொய் வேற!"

"திங்கலைங்க."

"உன் நல்லதுக்குத்தான கேக்குறேன். ஒத்துக்க. ஒத்துக்கிட்டா விட்டுடுறேன்."

தினமும் இதே பாட்டு. அவள் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். ஒரு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஆமா. தின்னேன். ஒரு பன். போதுமா?" என்றாள்.

அவருக்கு மனசில் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "சரி போகட்டும், இனிமே திங்காத" என்று பெருந்தன்மையாகத் தலையைத் தடவினார். டாக்டரிடம் சொன்னார். அவள் தங்கையிடம் போனில் சொன்னார். "அக்கா பொய் சொல்ற ஆளா மாமா? யோசிச்சுப் பேசுங்க" என்றாள் தங்கை வெடுக்கென்று. டாக்டர் யோசிக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டது என்று தேடுவதை நிறுத்திவிட்டார். அவளோ எதைத் தொட்டாலும் பயந்து, உப்பு போட்ட கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு காலை குளியலறை வாசலில் விழுந்தவளைப் பக்கத்து வீட்டார்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

வார்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் மெல்லக் கண் திறந்து, எழுந்து உட்கார்ந்தாள். முதல் சில நாள் அவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். மறுபடி வேலைக்குப் போன அன்று, பார்வையாளர் நேரம் முடிந்துவிடுமே என்று பேக்கரியிலிருந்து நேராக ஓடி வந்தார்.

அவள் கட்டில் ஜன்னலோரம். மத்தியான வெயில் படுக்கையில் பளீரென்று விழுந்திருந்தது. அவரைக் கண்டதும், "இப்படியேவா வந்தீங்க? சிஸ்டர் திட்டப் போறாங்க" என்று ஊசி குத்தாத கையால் பழக்கத்தில் அவர் தோளைத் தட்டினாள். அந்த வெயிலில் மாவு எழும்புவது தெரிந்தது. வீட்டு நடையின் இருட்டில் ஒரு நாளும் தெரியாதது இங்கே அப்படித் தெரிந்தது. மெதுவாகச் சுழன்று அவள் மடியில் இறங்கியது, அவள் உதட்டில் இறங்கியது, பக்கத்தில் திறந்திருந்த தண்ணீர்த் தம்ளரில் மெல்லிய ஆடையாகப் படிந்தது. அவள் பேசிக்கொண்டே தம்ளரை எடுத்து வாயருகே கொண்டு போனாள்.

அவர் ஓங்கித் தட்டிவிட்டார். தம்ளர் அடுத்த கட்டில் வரைக்கும் உருண்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் எதுவும் திங்கலைங்க" என்றாள். "தண்ணிதாங்க. வெறும் தண்ணி."

அந்தப் பெரிய மனுஷன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நீ திங்கலடி. நான்தான் கொண்டாந்து கொட்டியிருக்கேன். தினம் தினம் நான்தான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சட்டையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "அப்ப நான் தின்னவே இல்லையா?" என்று கேட்டாள். "தூக்கத்துல கீக்கத்துல எழுந்து போய் நானே தின்னுடுறேனோன்னு நினைச்சேன். கதவை உள்பக்கம் கட்டி வச்சுக்கிட்டுகூடப் படுத்திருக்கேன்."

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். உடம்பு தேறுகிற வரைக்கும் என்றுதான் பேச்சு.

வெள்ளைக்காரர் பேக்கரியை விட்டார். வேறு எதுவும் தெரியாத கைக்குச் சலவைக்கடையில் துணி வாங்கி வைக்கிற வேலை கிடைத்தது. வீட்டுச் சுவரைக் கழுவினார், மெத்தையை மாற்றினார், பழைய சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டார். சைக்கிள் கடைக்காரர் அவரை மாவு இல்லாத வெறும் மனுஷனாகப் பார்த்துவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் பம்பை எடுத்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

வீடு தயார். அவள்தான் வரவில்லை. ஞாயிறு தோறும் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போவார். அவள் நன்றாக இருந்தாள். முடி வளர்ந்திருந்தது, சேலை இடுப்பில் நின்றது. அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தன்னை விட்டு விலகித்தான் தேறினாள் என்று உறுத்தவும் செய்தது.

கடைசியாகப் போனபோது பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றாள் அவள், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"வீட்டுல ஒரு பொட்டு மாவு கிடையாது" என்றார். "எப்ப வர்ற?"

"மாவு விஷயம் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்கு நான் உங்களை என்ன சொல்லப் போறேன்?" அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் வந்து, நாளைக்கே எனக்கு வயிறு வலிச்சா, என்னை நம்புவீங்களா?"

"சத்தியமா நம்புவேன்."

"அன்னைக்கு நானும் சத்தியம்தான் பண்ணேன்" என்றாள்.

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டார்.