கேப்டன் அண்ணன் ஒதுக்கிய ஏழு பனியன்கள்

நொய்யல் ஆற்றில் தண்ணீர் பாலத்துக்கு மேல் ஏறி, பனியன் கம்பெனிகளெல்லாம் மூன்று நாள் பூட்டிக் கிடந்ததே, அதற்கு அடுத்த தை மாதம் நடந்தது இது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. வெள்ளத்தில் எங்கள் ஃபுட்பால் கிளப் கொட்டகையின் கூரை போனது நினைவிருக்கிறது. கோல் கம்பம் ஒன்றும் போனது. அதை எங்கோ கீழே, ஒருவர் தென்னந்தோப்பில் கண்டுபிடித்துத் தூக்கி வந்தோம். அது வேறு கதை.

கேப்டன் அண்ணன் எங்கள் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனை வெளிச்சத்துக்கு நேரே விரித்து, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஒதுக்கிப் போட்டுவிடுவார். சாயங்காலம் மைதானம். அப்போதெல்லாம் தோல் பந்து. மழையில் நனைந்தால் கல்லாகிவிடும். அதை நாங்கள் காலால் தொடவே யோசிப்போம். அவர் பாய்ந்து நெற்றியால் முட்டுவார். அவர் அடித்த கோலில் பாதி தலையால் அடித்ததுதான். அதனால்தான் பின்னால் அப்படி ஆனது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்?

ஆட்டத்தை விட்டுச் சில வருஷத்தில் அவருக்கு மறதி வந்தது. முதலில் எங்கள் பேர்கள் போயின. பிறகு வீட்டுக்குப் போகும் வழி. கம்பெனி வேலையும் நின்றது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு: மேட்ச் அன்று ஒவ்வொருவருக்கும் கேப்டன்தான் தன் கையால் பனியன் கொடுப்பார். ஆட்டத்தை விட்ட பிறகும் அதை அவரிடமே விட்டிருந்தோம். இனி வேண்டாம், நாலு பேர் சிரிக்கிறார்கள் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. அதைக் கேள்விப்பட்டு அவர் சம்சாரம் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

“மேட்ச் அன்னைக்கு மட்டுந்தானுங்க அவரா எந்திரிச்சுக் குளிக்கறாரு, அவரா சட்டை போட்டுக்கறாரு. மத்த நாளெல்லாம் செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறாருங்க. அதையும் எடுத்துப்போடாதீங்க சாமி.”

செகரட்டரி அப்போதே எழுந்து சொல்லிவிட்டார்: அண்ணன் இருக்கும்வரை அது அவர் வேலை, மேட்ச் நாளில் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டி வர வேண்டும்.

அந்தத் தை மாதம் சோமனூர் தறிக்காரர்கள் டீமோடு மேட்ச், வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்கு அதுதான் முதல் மேட்ச். அண்ணன் வந்தார். மூட்டையைப் பிரித்தார். கொடுக்கவில்லை. ஒவ்வொரு பனியனாக வெயிலுக்கு நேரே விரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

“இது டேமேஜுங்க. பார்ட்டிக்கு அனுப்ப முடியாது.” பார்ட்டி என்றால் சரக்கு வாங்குகிறவர்; கம்பெனியில் செக்கிங்கில் நிற்பதாகவே அவருக்கு நினைப்பு.

ஒன்று போனது. இரண்டு போனது. ஏழு பனியன் ஒரு பக்கம் குவிந்துவிட்டது. மீதி நாலு. கூட்டம் சிரித்தது. ரெஃப்ரி வந்து, பத்து நிமிஷத்தில் பதினோரு பேரும் பனியனோடு இறங்காவிட்டால் சோமனூர்தான் ஜெயித்ததாக எழுதிவிடுவேன் என்றார்.

“செகரட்டரி, கிறுக்குப் புடிச்சவரு பேச்சக் கேட்டுட்டு நிக்கறீங்களே. புடுங்கிக் குடுங்க, நாங்க ஆடறோம்” என்றான் எங்கள் ஃபார்வர்டு.

“அவரு ஒதுக்குனதை எவனாச்சும் எடுத்துப் போட்டான்னா, அவன் நாளையிலிருந்து இங்க வர வேண்டாம். தோத்தா தோத்துட்டுப் போறோம்” என்றார் செகரட்டரி.

அப்போது சோமனூர் கோல் கீப்பர் எங்கள் பக்கம் நடந்து வந்தான். வயதான ஆள், அண்ணனோடு எதிரெதிராக ஆடியவன். தோளில் அவர்களுடைய மாற்றுப் பனியன் செட், மஞ்சள்.

“அண்ணா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. தேறுமுங்களா?”

அண்ணன் பதினொன்றையும் விரித்துப் பார்த்தார். ஓரத் தையலைத் தடவினார். “பரவால்லீங்க. இது நம்மூர்த் தையலாட்ட இருக்குதே.”

“பின்ன? நாங்க தறியோட்டறவங்க. பனியனுக்கு உங்கூருக்குத்தானுங்களே வரோணும்!”

அண்ணன் சிரித்தார். வரிசையில் நின்றோம். ஒருவர் பேரும் சொல்லாமல், ஆனால் ஒவ்வொருவர் தோளையும் ஒரு தட்டுத் தட்டி, மஞ்சள் பனியனைக் கொடுத்தார். எதிராளி துணியைப் போட்டுக்கொண்டு ஆடினோம். இரண்டு கோலில் தோற்றோம். தோற்று இவ்வளவு தலைநிமிர்ந்து மைதானத்தை விட்டு நான் வந்ததில்லை.

மூட்டை கட்டும்போதுதான் அவர் ஒதுக்கிய ஏழு பனியனையும் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஏழிலும் ஓட்டை இருந்தது. கொட்டகைக் கூரை போன வெள்ளத்தில் நனைந்து, அக்குள் தையல் இற்றுக் கிடந்திருக்கிறது. எங்களில் ஒருவனும் பார்க்கவில்லை. கிறுக்கு என்று சொன்னானே அந்த ஃபார்வர்டு, அவன் விரலையே ஓட்டைக்குள் விட்டுக் காட்டினேன். அதன்பின் அண்ணனைக் கூட்டிவரப் போகும் இருவரில் ஒருவன் எப்போதும் அவன்தான். அண்ணன் படுத்த படுக்கையாகும்வரை, அவர் பார்த்துத் தேறாத பனியனை எங்கள் கிளப் போட்டதில்லை.

இதைக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் ஊர் டீமிலும் இப்படி ஒருவர் இருப்பார். மாலை போட்டு உட்கார வைத்துவிட்டு, “என்னைத் தெரியுதுங்களா?” என்று அவரிடம் போய்க் கேட்காதீர்கள். அவர் கைக்குத் தெரிந்த ஒரு வேலையைக் கொடுங்கள். கொடுத்தால் அதை மதியுங்கள். இப்போது ஆடுகிற பிள்ளைகளிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் கால் மைதானம் வரை வராது.