ஓட்டப் புள்ள செட்டு

அன்று அறுநூறு மீட்டரை ஓடி முடித்தது என் மகளின் கால்களா, நான் அவள் நாக்கில் வைத்த அந்தப் பாதி மாத்திரையா? ஒரு மாதத்துக்கு மேலாக இதே கேள்விதான். சட்னி அரைக்கும்போது ஒரு பதில் சரியென்று படுகிறது. துணி காயப்போடும்போது இன்னொன்று சரியென்று தோன்றுகிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் அவளுக்கு மாநிலப் போட்டி. வீட்டில் யாருக்கும் கால் தரையில் படவில்லை. எனக்குக் கூடத்தான்.

நாங்கள் மாரண்டஹள்ளியில் இருக்கிறோம். கணவருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் விவரம் தெரியாதவள் ஏதோ செய்துவிட்டாள் என்று நீங்களே என்னை மன்னித்துவிடுவீர்கள்.

எங்களுக்கு ஒரே மகள். பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. வட்டார அளவிலான போட்டியில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தபோதுதான் அவளுக்கு ஓட்டம் வரும் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. பள்ளியின் உடற்கல்வி டீச்சர் எனக்கு போன் செய்து, "ஓடி முடிச்சிட்டு இவளுக்கு மூச்சே வாங்கலீங்க. என் வாட்ச்சுதான் நின்னு போச்சோன்னு ரெண்டு தடவ தட்டிப் பாத்தங்க" என்றார். அன்று இரவே அவள் அப்பா ஓசூரில் முள் வைத்த ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிவந்தார். அளவு ஒரு சுற்றுப் பெரிது. முன்னால் பஞ்சு வைத்துக் கட்டினோம். அதன்பிறகு தினமும் பள்ளி மைதானத்தில் பயிற்சி. அறுநூறு மீட்டருக்கு ஒரு நிமிடம் ஐம்பத்து மூன்று வினாடி என்பதுதான் அவளுடைய சிறந்த நேரம்.

மாவட்டப் போட்டி வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மாலை அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெடிக்கலுக்கு ஓடினேன்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காய்ச்சலு. வெள்ளிக்கெழம தர்மபுரியில ஓட்டம் வேற இருக்குது."

"அதுக்குள்ள எழுந்து குதிக்கும்க்கா. மூணு நாளைக்கு செட்டு போட்டுத் தரன்" என்றார் மெடிக்கல் அண்ணன்.

எங்கள் பக்கத்தில் செட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலுக்கு ஒரு செட்டு, உடம்பு வலிக்கு ஒரு செட்டு, சளிக்கு ஒன்று. மூன்று நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, பேப்பரில் மடித்து, மேலே பேனாவால் காலை, இரவு என்று எழுதித் தருவார்கள். டாக்டர் சீட்டும் கிடையாது, மாத்திரையின் பெயரும் தெரியாது. அந்தச் செட்டில் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை, மிகச் சிறிய மாத்திரை ஒன்றில் பாதி. அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போலாகுமே என்று கூச்சம். லேபிளைப் படிக்காமல் எந்தப் பாட்டிலையும் தொடாதே என்று டியூஷன் பிள்ளைகளிடம் வாரம் ஒருமுறை சொல்கிறவள் நான்!

வியாழக்கிழமைக்குள் காய்ச்சல் ஓடிப்போனது. அதுமட்டுமில்லை. மூன்று இட்லிக்கு மேல் தொடாதவள் ஏழு இட்லி சாப்பிட்டாள். பேசிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது எனக்கு முன்பே எழுந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் கணக்கை முடிக்க வேண்டுமே என்று கடைசிச் செட்டையும் கொடுத்து, பாலக்கோடு வழியாகப் போகும் காலை பஸ்ஸில் ஏறினோம்.

இனி அந்த ஓட்டத்தைச் சொல்லியாக வேண்டும். எத்தனை குழப்பத்தில் இருந்தாலும் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

ஒன்றரைச் சுற்று. ஏழு பெண்கள். பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, போன வருடமும் முதலில் வந்தவளாம், நெடுநெடுவென்று நின்றாள். அவள் பக்கத்தில் என் மகள் பென்சில் மாதிரி இருந்தாள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "அந்தக் கோழிக்கால் புள்ள எங்கங்க ஜெயிக்கப் போவுது" என்றார்.

நான் திரும்பி, "அது என் புள்ளைங்க" என்றேன்.

"ஐயோ, கோச்சிக்காதீங்கம்மா! நல்லா ஓடட்டும், நல்லா ஓடட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

விசில் ஊதியது. முதல் வளைவில் அவள் ஐந்தாவதாக இருந்தாள். எதிர்ப்பக்க நேர்கோட்டில் நான்காவது. எனக்கு அவள் முகம் தெரியவில்லை, ஷூவின் ஆரஞ்சு நிறம் மட்டும்தான் தெரிந்தது. கடைசிச் சுற்றில் பாதி இருக்கும்போது அந்த ஆரஞ்சு மூன்றாவதாக வந்தது, இரண்டாவதாக வந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேலே, "கோழிக்காலு! வா வா வா! வுடாத கண்ணு!" என்று கத்தினார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பென்னாகரம் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் என் மகள் அவளைத் தாண்டினாள். கோட்டைக் கடந்தும் நிற்காமல் இன்னும் இருபது மீட்டர் ஓடினாள்.

ஒரு நிமிடம் நாற்பத்தாறு. டீச்சர் வாட்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார். "ஏழு செகண்டுங்க! ஏழு! நாலு நாள்ல ஏழு செகண்டு எங்கயாச்சும் கொறையுமாங்க?"

என் மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா, என் காலே எனக்குத் தெரியல. சும்மா மேல உக்காந்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

முதலிடம் பிடிப்பவருக்கு மட்டும்தான் மாநிலப் போட்டி. பென்னாகரம் பெண் புல்லில் குப்புறப் படுத்து அழுதாள். நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு மகளுக்கு ஜூஸ் வாங்கப் போனேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பதக்கத்தைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "இவ்ளோ வேகமா ஓடற புள்ளைக்கு எதுக்கும்மா பஸ்ஸு? ஓடியே வந்திருந்தா எங்களுக்கு முன்ன வூடு சேந்திருக்கும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. திங்கட்கிழமை மெடிக்கல் அண்ணன் என்னைக் கண்டதும் கடையில் நின்ற நாலைந்து பேருக்கும் கேட்கும்படி, "எல்லாம் நம்ம செட்டோட தெம்புதான்க்கா!" என்றார். நானும் சிரித்தேன். மகள் அப்போது பள்ளிக்குப் போயிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். மாநிலப் போட்டிக்கு முன்பு பயிற்சி முகாம் இருக்கிறது, அதற்காகப் பெற்றோர் நிரப்ப வேண்டியது. கடந்த முப்பது நாட்களில் பிள்ளை சாப்பிட்ட மருந்தின் பெயர், அளவு, எழுதிக்கொடுத்த மருத்துவர். மூன்று கட்டம். மூன்றில் ஒன்றைக்கூட என்னால் நிரப்ப முடியவில்லை.

மெடிக்கலுக்குப் போய்க் கேட்டேன். "பேரா? பேரு எதுக்குங்க்கா? நல்லாயிடுச்சில்ல?" என்றபடியே அவர் மூன்று அட்டைகளை எடுத்துப் போட்டார். சின்ன மாத்திரையின் பெயர் முடிகிற விதத்தைப் பார்த்ததும் அந்த அட்டையைக் கையில் எடுத்தேன். கல்லூரியில் படித்த விகுதி அது. ஸ்டீராய்டு. அங்கேயே நின்று போனில் தேடினேன். விளையாட்டு வீரர்கள் போட்டி நேரத்தில் வாய்வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. போட்டியன்று காலையில் அதை என் கையால்தான் கொடுத்திருக்கிறேன்.

கணவருக்கு போன் செய்தேன். "காய்ச்சலுக்குத்தான குடுத்த? இதுல எங்க வந்துச்சு ஊக்க மருந்து? காய்ச்சல் மாத்திரைன்னு எழுதிக் குடு, முடிஞ்சிது" என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் எனக்கு எழுத வரவில்லை.

பாலக்கோட்டில் ஒரு பெண் மருத்துவரிடம் அட்டையைக் காட்டினேன். மூன்று நாளில் உடம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இனி இப்படி வாங்காதீர்கள் என்றார். நான் எழுந்துகொள்ளாமல், "அதனாலதான் ஜெயிச்சாளா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பசி எடுத்திருக்கும், அலுப்பு தெரியாம இருந்திருக்கும். ஷூவும் புதுசுங்கறீங்க. வளர்ற புள்ள வேற. ஏழு செகண்டுக்கு நான் சர்ட்டிபிகேட் எழுத முடியாதுங்கம்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல் உள்ள இருக்கும்போதே அது தெரியாம மூடி வெச்சிட்டு ஓட வுட்டீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பெரிய தப்பாத் தெரியுது. மைதானத்துல சுருண்டு விழுந்திருந்தா?"

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பட்டியலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கடைசிக் கட்டத்தில், 'மருத்துவர் இல்லை, நானே வாங்கிக் கொடுத்தேன்' என்று எழுதினேன். டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். "அனுப்பறங்க. என்ன வந்தாலும் சேந்து பாத்துக்கலாம்" என்றார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பதில் வந்தது. மாவட்டப் போட்டியில் யாருக்கும் சோதனை வைக்கவில்லை, முடிவில் மாற்றமில்லை, பிள்ளை முகாமுக்கு வரலாம், இனி மருத்துவர் சீட்டில்லாமல் எதுவும் கொடுக்கக் கூடாது. டீச்சர் போனில் இதைப் படித்துக் காட்டியபோது நான் வாசலில் நின்று அழுதேன், சிரித்தேன். பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் மெடிக்கல் பக்கம் போனபோது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அக்கா ஒருவர் கடையில் நின்றிருந்தார். அவர் மகளும் என் மகள் பள்ளிதான், கோகோ ஆடுகிறாள்.

"அந்த ஓட்டப் புள்ள செட்டு குடுங்க. சனிக்கெழம எங்க பாப்பாவுக்கு மேட்ச்சு."

"காய்ச்சலா?" என்றார் மெடிக்கல் அண்ணன்.

"காய்ச்சல் எதுக்கு? தெம்புக்கு."

நான் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, வேணாங்க்கா. அது ஸ்டீராய்டு. நான் தெரியாம குடுத்துட்டன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் புள்ள ஜெயிச்சு பேப்பர்ல போட்டோ வந்தாச்சு. எங்க புள்ளைங்களுக்கு மட்டும் வேணாமா? நல்லாருக்குதே ஞாயம்!"

மெடிக்கல் அண்ணன் அட்டையை மெல்லத் திரும்ப வைத்தார். "நான் வெளையாட்டுக்குச் சொன்னதுங்க்கா அது. டாக்டர் சீட்டு இருந்தா கொண்டாங்க" என்றார். அந்த அக்கா இரண்டு கடை தள்ளியிருந்த இன்னொரு மெடிக்கலுக்குள் போனார்.

அன்றே டீச்சரிடம் சொன்னேன். அவர் மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லாமல் பிள்ளைகளை எச்சரித்தார். டாக்டர் சொல்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும், பெற்றோரே கொடுத்தாலும், வாங்கிச் சாப்பிடாதீர்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றாராம்.

சாயங்காலம் என் மகள் பையைக் கூட இறக்கவில்லை. "அம்மா, நம்ம ஸ்கூல்ல யாரோ மாத்திர போட்டுட்டு ஆடறாங்களாம்! சீ, சீட்டிங்! அப்படி ஜெயிச்சி என்னாத்துக்கும்மா?"

அவளுக்கு ஞாபகம் இருப்பது காய்ச்சல் மாத்திரை மட்டும்தான். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "கை கால் கழுவிட்டு வா" என்றேன்.

இப்போது பயிற்சியில் அவளுக்கு ஒரு நிமிடம் ஐம்பது வருகிறது. நல்ல நாளில் நாற்பத்தொன்பது. டீச்சருக்கு அதுவே பெரிய சந்தோஷம். பழைய ஐம்பத்து மூன்றோடு பார்த்தால் எவ்வளவு முன்னேற்றம்! அவளுக்கு அது போதவில்லை. அலமாரிக் கதவில் ஸ்கெட்ச் பேனாவால் 1:46 என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அதைப் பிடிக்க வேண்டுமென்று டீச்சருக்குத் தெரியாமல் விடுமுறை நாளிலும் ஏரிக்கரையில் ஓடுகிறாள். முழங்காலுக்குக் கீழே வலியை மறைக்கிறாள் என்று படி இறங்கும்போது கண்டுபிடித்தேன். டாக்டரிடம் காட்டி இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன். "உனக்கு நான் ஜெயிக்கறதே புடிக்கலியாம்மா?" என்று கேட்டாள்.

நேற்று மாவட்டத்தின் பெயர் போட்ட டிராக்சூட் வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி நின்றாள். அவள் அப்பா போட்டோ எடுத்துத் தள்ளினார். எனக்கும் மனம் பொங்கத்தான் செய்தது. அதே நேரத்தில் அவள் துரத்தும் அந்த எண் அவளுடையதுதானா என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு என்றும் தோன்றியது. சொல்லாமல் இருந்தால் கால் உடைகிறவரை துரத்துவாள். அதற்குள் கடைத்தெருவில் யாராவது 'ஓட்டப் புள்ள செட்டு' என்று அவள் காதுபடச் சொல்லிவிடவும் கூடும். நான் இப்போதே சொன்னால், போட்டியே வேண்டாம் என்று டிராக்சூட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பென்னாகரம் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பாள். அவளை எனக்குத் தெரியும், கட்டாயம் கேட்பாள். அது தவறா என்றால் தவறும் இல்லை.

அவள் அப்பா போட்டி முடியட்டும் என்கிறார். டீச்சர் உங்கள் இஷ்டம் என்கிறார். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிற அம்மாக்களும் அப்பாக்களும் இதைப் படிக்கிறீர்கள். சின்ன வயதில் ஓடியவர்களும் இருப்பீர்கள். போட்டிக்கு முன்பே அவளிடம் சொல்லிவிடலாமா? சொல்வதென்றால் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். என்னைத் திட்டியும் எழுதலாம். இந்தப் பன்னிரண்டு நாளுக்குள் எழுதினால் நன்றாக இருக்கும்.